இழுக்கத் தெரியாமல் வீணாகும் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழை பிடித்தால் மார்கழிப் பனி வரை இளைப்புக்காரர்களுக்குச் சிரமம்தான். இன்ஹேலர் மருந்து வாங்குகிறார்கள், அதை இழுக்கும் முறையை யாரும் காட்டித் தருவதில்லை.

அழுத்தும் ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்த வேண்டும். 3 முதல் 5 நொடி மெதுவாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மருந்து தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். அடுத்த பஃப் (ஒரு அழுத்து மருந்து) அரை நிமிடம் கழித்து. பொடி அடைத்த கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்கும் வகையோ இதற்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி உள்ளேயே கிடக்கும். திறந்து பாருங்கள், மிச்சமிருந்தால் மறுபடி இழுங்கள். (அந்தக் கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!)

குழந்தைக்கும் முதியவருக்கும் ஸ்பேசர் (ஸ்ப்ரேயோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) நல்லது. சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காய வையுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி, மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். நீலத்தை மட்டுமே நம்பக் கூடாது என்று 2019 முதலே ஜினா (GINA) என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம்: ஒரு பஃப்பில் 100, 200 மைக்ரோகிராம்தான், 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையில் 5,000. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும்.

பஞ்சாலையில் வேலை செய்கிறவர்கள் எந்தக் கிழமையில் நெஞ்சு இறுகுகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். லீவு முடிந்து வந்த முதல் நாள்தான் அதிகம் என்றால் அது பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். வாரம் போகப்போகக் கூடி, லீவில் தணிந்தால் வேலையிடத்து ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஏர் பைப்பால் சட்டையில் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொள்ளும் பழக்கத்தைப் பனியன் கம்பெனிகளும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்தத் தூசி முழுக்க மூக்குக்குத்தான் போகிறது.

திடீரென்று இளைத்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் நீல மருந்து 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி 4 பஃப் கொடுத்து 108-ஐ அழையுங்கள். பேச்சு திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ முதலிலேயே 108.

இன்ஹேலரைக் கொடுக்கும் எவரும், மருந்துக்கடைக்காரர் உட்பட, வாங்குபவரை ஒருமுறை தம் எதிரிலேயே இழுக்க வைத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை.

மருந்தாளுநர்கள்,
பல்லடம்