பூச்சி டாக்டரம்மாவுக்கு

அன்புள்ள செல்வி,

முதலில் ஒரு மூச்சு திட்டிக்கொள். அப்புறம் படி. உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. மேஜை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து என்னை முறைக்கும், நான் மூடிவிடுவேன். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று ராஜி சொன்னாள். அத்தைக்கு என் வணக்கம். இங்கே பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். அவருக்கு அதே முதுகுவலி, என் பேச்சைக் கேட்பதில்லை என்ற அதே விரதம். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக் வேலையை விடப் போகிறேன். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இங்கே அமெரிக்க அரசாங்கத்தில் எனக்கு ஒரு ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் ஃபெலோவா என்று நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. நம் சுகாதார வாத்தியார் வாரம் தவறாமல் நம்மை 'யூஸ்லெஸ் ஃபெலோஸ்' என்பாரே, அதில் பாதியை அமெரிக்க அரசாங்கம் எழுத்திலேயே உறுதி செய்துவிட்டது. மீதிப் பாதி போகப்போகத் தெரியும்.

விவரம் இதுதான். தடுப்பு மருத்துவத்தில் பயிற்சி பெற்ற, கொஞ்சம் அனுபவமும் உள்ள டாக்டர்களை மத்திய சுகாதாரத் துறைக்குள் கொண்டுபோய்க் கொள்கை வேலையில் உட்கார வைப்பார்கள். இடம் மேரிலாந்தில், ராக்வில். நோய்த்தடுப்புக்கென்று தனியாக ஓர் அலுவலகம். பத்தாண்டுக்கு ஒரு முறை நாட்டுக்கு ஆரோக்கிய இலக்குகள் எழுதுகிறார்கள், இப்போது ஓடுவது 2030க்கானது. இலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே உனக்கு பி.பி. ஏறும் என்று தெரியும், பல்லைக் கடித்துக்கொள். இந்த ஃபெலோஷிப்பை அந்த அலுவலகத்தோடு சேர்ந்து நடத்துவது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் கல்லூரி. பேர்தான் கல்லூரி. வகுப்பறையும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது, டாக்டர்கள் சங்கம்.

ஃபெலோஷிப்புக்கு லூதர் டெரியின் பெயர். யாரென்று தெரியாமல்தான் விண்ணப்பம் எழுத ஆரம்பித்தேன், வெட்கம்தான். படிக்கப் படிக்க மனுஷர் என்னைப் பிடித்துக்கொண்டார். 1961 முதல் 1965 வரை சர்ஜன் ஜெனரல், அதாவது இந்த நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார டாக்டர். சிகரெட் கெடுதலா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டார். பேர்ப்பட்டியலை சிகரெட் கம்பெனிகளின் சங்கத்திடமே நீட்டி, பிடிக்காத பேரை அடித்துவிடுங்கள் என்றார்கள்! அப்படி வடிகட்டி எடுத்த பத்துப் பேரில் ஐந்து பேர் புகைப்பவர்கள். பிற்பாடு யாரும் 'ஆள் சார்புடையவர்' என்று வாயைத் திறக்க முடியாதபடி செய்த வேலை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு அந்தப் பத்துப் பேரும் கெடுதல்தான் என்று எழுதினார்கள். அறிக்கையை 1964 ஜனவரி 11, சனிக்கிழமை வெளியிட்டார்கள். பங்குச்சந்தை மூடியிருக்கும், ஞாயிறு பேப்பரில் முதல் பக்கமும் கிடைக்கும். நீ முனிசிபாலிட்டியில் இருந்தபோது சேர்மன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஆக்கிரமிப்பை எடுத்தாயே, அந்த ஜாதி மூளை.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 1966இல் பெட்டியில் எச்சரிக்கை வந்தது. என்ன எழுதினார்கள் தெரியுமா? சிகரெட் உடல்நலத்துக்குத் தீங்காக 'இருக்கலாம்'. ஏழாயிரம் கட்டுரை படித்த பிறகு ஒரு 'லாம்'! அந்த 'லாம்' போய், ஆபத்தானது என்று சர்ஜன் ஜெனரல் தீர்மானித்திருக்கிறார் என்ற வாசகம் வருவதற்கு 1970இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. 1965இல் இங்கே பெரியவர்களில் 42 சதவீதம் பேர் புகைத்தார்கள், 2022இல் அது 12 சதவீதத்துக்கும் கீழே. அந்த 'லாம்' இருந்த வருடங்களில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு, சரி, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அடுத்ததைப் பற்ற வைத்திருப்பார்கள்?

சிரிக்காதே. ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆட்டமா என்று நானும் முன்பு நினைத்தவள்தான். ஒருத்தியைப் பற்றி உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

2012 என்று ஞாபகம். ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தில் இரவு நேரத்தில் தரை துடைக்கும் பெண், சர்க்கரை நோய். எனக்குக் கொடுத்திருந்தது பதினைந்து நிமிடம், அதில் பத்து நிமிடம் கம்ப்யூட்டருக்கு. உடற்பயிற்சி உண்டா என்று கேட்டேன். "ராத்திரி முழுக்க வாளியோடு படி ஏறுகிறேன் டாக்டர்" என்றாள். ஒரே மூச்சில் பத்து நிமிடம் ஏறுவீர்களா? "ஒரு மாடி ஏறுவேன், துடைப்பேன், அப்புறம் அடுத்தது. இரண்டு நிமிடம் இருக்கும்." அப்படியானால் கணக்கில் வராது என்றேன். என் சொந்தச் சரக்கில்லை அது. 2008இல் அரசாங்கம் போட்ட உடலுழைப்பு வழிகாட்டியில் அப்படித்தான் இருந்தது. வாரத்துக்கு 150 நிமிடம், அதுவும் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ப்ளீச்சிங் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஃபைலில் நான் அடித்தேன்: உடற்பயிற்சி, இல்லை.

2018இல் புது வழிகாட்டி வந்தது. அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். உடல் ஓரளவு உழைத்தால் போதும், எத்தனை சின்ன நேரமானாலும் கணக்கில் சேரும். அதைப் படித்ததும் முதலில் அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தேடினேன். இன்சூரன்ஸ் மாறி எங்கள் கிளினிக்கை விட்டே போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வழிகாட்டியும் வந்தது நான் போகப் போகிற இதே ராக்வில் அலுவலகத்திலிருந்துதான். விண்ணப்பக் கட்டுரையில் வேறு எதுவும் எழுதவில்லை, இதை மட்டும் எழுதினேன். யாரோ ஒருவர் மேஜையில் அந்த வரி எழுதப்பட்டது, யாரோ ஒருவர் அதை நீக்கினார். நடுவில் பத்து வருடம் அதை என் வாயால் சொன்னவள் நான். அடுத்த தடவை எழுதும்போது, வாளியைப் பார்த்த ஆள் ஒருத்தி அந்த அறையில் இருக்கட்டுமே என்று தோன்றியது.

உனக்கு எழுத ஏழு மாதம் தயங்கியதற்குக் காரணம் வேறு. ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடிந்து நீ பொதுச் சுகாதார டிப்ளோமா (டி.பி.ஹெச்.) சேர்கிறேன் என்றபோது நான் பேசிய பேச்சு. அத்தனை மார்க் வாங்கிவிட்டு கொசுவை எண்ணப் போகிறாயா என்றேன். 'பூச்சி டாக்டர்' என்று பெயர் வைத்ததும் நான்தான். ஹாஸ்டல் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது, நீயும் கூடவே சிரித்தாய். அன்று ராத்திரி நீ மெஸ்ஸுக்கு வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. முப்பது வருடம் சுற்றி, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து, நீ அன்றைக்கே நுழைந்த வாசலில் இப்போது நான் நிற்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கிறது. ஆனால் எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

இனி என் பயத்தைக் கேள். இருபது வருடமாக என்னிடம் வருகிற கிழவர் ஒருவர் இருக்கிறார். மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டி, எண்ணிக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். விடப் போகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுவார், வேறு யாரிடமும் போக மாட்டார். என் வயிற்றைக் கலக்குவது இதுதான். அங்கே போய் ஃபைலும் மீட்டிங்குமாக ஆகிவிட்டால், நானும் ஒரு நாள் மேஜையில் உட்கார்ந்தபடியே இன்னொரு 'பத்து நிமிடம்' எழுதிவிட மாட்டேனா?

நீ எப்படிச் சமாளித்தாய்? துணை இயக்குநர் ஆன பிறகும் வாரத்தில் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. பார்க்கிறாய் என்று ராஜி சொன்னாள். மேலிடத்தில் ஒன்றும் சொல்வதில்லையா? முதல் வருடம் ஸ்டெத்தைக் கழற்றி வைத்தபோது எப்படி இருந்தது? பூசி மெழுகாமல் எழுது. இல்லை, எழுதாதே, ஃபோன் பண்ணு. திங்கட்கிழமைக்குள் நான் சம்மதம் சொல்லியாக வேண்டும். உனக்கு ராத்திரி ஒன்பது என்றால் எனக்குக் காலை, எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கௌரி

பி.கு.: நம் கல்லூரி மியூசியத்தில் இருந்த அந்த ஈ மாடலின் இறக்கையை உடைத்தது ராஜி இல்லை. அவள் பாவம், ஐம்பது ரூபாய் அபராதம் கட்டினாள். உடைந்த துண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லேன்.