பூட்டுகளைக் குறைக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எக்ஸ்வி6 என்னும் கற்பித்தல் இயங்குதளத்தை அடியொற்றி நான் எழுதிவரும் சிறு கெர்னலில் (இயங்குதளத்தின் மையநிரலில்), நினைவகத்தைப் பகிர்ந்தளிக்கும் பகுதி இப்போது ஒரே சமயத்தில் ஒரு பூட்டுக்கு மேல் பிடிப்பதில்லை. பூட்டு என்பது, பொதுவான ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரே செயலி (சிபியூ) மட்டும் தொடும்படி காக்கும் ஏற்பாடு. ஜூரோங் வட்டார நூலகத்தில் சனிக்கிழமைதோறும் என்னோடு அமர்ந்த உங்களால்தான் இது கைகூடியது.

மூல எக்ஸ்வி6-இல் காலிப் பக்கங்கள், அதாவது 4096 பைட் அளவுள்ள நினைவகத் துண்டுகள், யாவும் ஒரே பட்டியலில் நிற்கும்; அதற்குப் பூட்டும் ஒன்றே என்பதால், எட்டு சிபியூக்களும் ஒரே கல்லாப்பெட்டியின் முன் வரிசை பிடிக்கும். நெரிசலைத் தவிர்க்க நான் சிபியூவுக்கு ஒரு பட்டியலும் பூட்டும் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம், மொத்தக் காலிப் பக்கங்களின் எண்ணிக்கைக்கென்று இன்னொரு பொதுப் பூட்டைச் சேர்த்ததில், தவிர்த்த நெரிசல் அப்படியே திரும்பி வந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, நிரலை அச்செடுத்து, ஒவ்வொரு பூட்டின் அருகிலும் சிவப்பு மையில் "இது எதைக் காக்கிறது?" என்று எழுதித் தந்தார். எண்ணிக்கைப் பூட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்கும்போது பட்டியல்களின் கணக்கைக் கூட்டிச் சொன்னால் போதும், அது சற்றுப் பிசகினாலும் கெர்னல் கெட்டுவிடாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயா, அந்தத் தாள்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

தன் பட்டியல் தீர்ந்த சிபியூ, தன் பூட்டைப் பிடித்தபடியே அடுத்ததன் பூட்டுக்குக் காத்திருக்க, அதுவும் இதற்காகக் காத்திருக்க, இரண்டும் உறைந்துவிடும் டெட்லாக்கைத் தீர்த்தவர் அக்கா. 1994-இல் ஸ்லாப் என்னும் நினைவகப் பகிர்வு முறையை வெளியிட்ட ஜெஃப் பான்விக், 2001-இல் ஜொனதன் ஆடம்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னவரும் அவரே. இடைமறிப்புகளை (சிபியூவை நடுவில் வேறு வேலைக்குத் திருப்பும் அழைப்புகளை) அணைத்து, தன் பூட்டை விட்டுவிட்டு, மற்றதிலிருந்து 32 பக்கங்களை ஒரே கையாக எடுத்து, அந்தப் பூட்டையும் விட்ட பிறகே தன் பட்டியலில் சேர்ப்பது என்று அதன்பின் மாற்றினோம். பூட்டுகளை எந்த வரிசையில் பிடிப்பது என்று நான் எழுதி வைத்திருந்த நீண்ட விதிமுறைக்கே வேலையில்லாமல் போயிற்று. எழுதியதை அழிக்க நான் தயங்கியபோது, லினக்ஸே 2024-இல் பழைய ஸ்லாபை நீக்கி, அதற்கு மாற்றான ஸ்லப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டதை அவர் நினைவூட்டினார்.

பலதொழில்நுட்பக் கல்லூரித் தம்பி இரவெல்லாம் சோதனை ஓட்டி, இந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு என்று காட்டினார்: 32 பக்கங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் வழியில் இருக்கும் கணத்தில் தேடும் இன்னொரு சிபியூ, நினைவகம் தீர்ந்தது என்று தவறாக முடிவுகட்டுகிறது. இப்போதைக்கு, ஒருமுறைக்கு இருமுறை தேடச் செய்திருக்கிறேன். தம்பிக்கு அதில் திருப்தியில்லை, எனக்கும்தான். வரும் சனிக்கிழமை அதை எடுத்துக்கொள்வோம். தே தாரிக் தேநீர் என் செலவு.

நன்றியுடன்,
உங்கள் குழு நண்பன்