ஜோடி சேர்ப்பதற்கு முன் ஜாடியை எண்ணு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஆண் ஃபைட்டர் மீன், முட்டைகளை ஒட்டி வைக்கும் நுரைக்கூட்டை நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு "அவன் ரெடி ஆயிட்டான்மா, வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணை விடப்போறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் சிரித்தேன். பெண் மீனையே கண்ணால் பார்க்காத ஆண்கூட நுரைக்கூடு கட்டும். வாயில் ஊறும் கோழையில் காற்றைச் சேர்த்துக் குமிழ் குமிழாக ஒட்டி வைப்பது அவன் சுபாவம். வெதுவெதுப்பான, அசையாத தண்ணீர் கிடைத்தால் போதும். அவன் எப்போதும் ரெடிதான். நீ இன்னும் ரெடி ஆகவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. ஃபைட்டரை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை, அதை நீ ஒரே முயற்சியில் செய்துவிடுவாய். அதற்கடுத்த மூன்று மாதம்தான் வேலையே. புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் ஜோடியில் ஆரம்பித்து, பிறகு முட்டை, குஞ்சு, தீனி, இடம் என்று வரிசையாக யோசிக்கிறார்கள். ஒவ்வொன்றும் வந்து நின்ற பிறகு ஓடுகிறார்கள். நீ கடைசியிலிருந்து தொடங்கு.

கடைசி என்றால் ஜாடி. ஒரு தடவை முட்டையிட்டால் சில டஜனும் வரலாம், சில நூறும் வரலாம். நூறு குஞ்சு தேறியது என்று வைத்துக்கொள். அதில் பாதி ஆண் என்றால் ஐம்பது. இரண்டு மூன்று மாதத்தில் அவை ஒன்றையொன்று துடுப்பைக் கிழிக்க ஆரம்பிக்கும். அன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி வேண்டும். இரண்டு லிட்டர் ஜாடி என்றாலும், வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றினால், வாரம் நூறு லிட்டர் கையால் ஊற்றி, கையால் எடுக்க வேண்டும். எல்லாம் குளோரின் நீக்கிய தண்ணீர், எல்லாம் ஒரே சூடு. ஜாடிக்கு ஒரு ஹீட்டர் வைக்க முடியாது, அறையையே 26 டிகிரியில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு லிட்டரும் கொஞ்ச நாள் ஏற்பாடுதான். நிரந்தரமாக ஒரு ஃபைட்டரை அதில் அடைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. தாய்லாந்தின் வயல்வெளிச் சேற்றுத் தண்ணீரில் வாழும் மீன், அதனால் சின்னக் கிண்ணம் போதும் என்பார்கள். வயல் தண்ணீர் ஆழம் குறைவு, சரி. ஆனால் அது எத்தனை தூரம் விரிந்து கிடக்கிறது!

ஆகையால் முதலில் ஒரு தாளை எடுத்து, யார் யார் வாங்கிக்கொள்வார்கள் என்று எழுது. நண்பர்கள், மீன் கடைக்காரர், உன்னைப் போல வளர்ப்பவர்கள். "சரி, கொடு" என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். அது இருபது பேர்தான் என்றால், கூட்டில் முட்டையாக இருக்கும்போதே மிச்சத்தை எடுத்துவிடு. கல்நெஞ்சம் என்று உனக்குத் தோன்றலாம். நெருக்கியடித்துக் கிடந்து, துடுப்பு அழுகி, மூன்றாவது மாதம் சாகிற மீனைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. மிஞ்சியதைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதே. விடுதலை கொடுத்தேன் என்ற நினைப்பில்தான் பலரும் அதைச் செய்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வந்த சக்கர் மீன் வளர்ந்து பெரிதானதும் வெளியே விட்டுவிட்டு வந்தவர்களால், தென் அமெரிக்காவின் அந்த மீன் இன்று இந்தியா உட்படப் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டுகிறது, வலையைக் கிழிக்கிறது.

இடத்துக்கு அடுத்தது தீனி. முட்டையிலிருந்து பொரிந்த ஃபைட்டர் குஞ்சு ஒரு கண்ணிமை முடி நீளம்கூட இருக்காது. அதன் வாய்க்குள் போகிற அளவில், அதுவும் உயிரோடு நெளிகிற தீனிதான் வேண்டும். அசையாத பொடியை அது தீனி என்றே நினைக்காது. முதல் சில நாளுக்கு இன்ஃபுசோரியா என்ற தண்ணீர் நுண்ணுயிர்கள் அல்லது வினிகரில் வளரும் நுண்ணிய வினிகர் புழு. பிறகு மைக்ரோ வோர்ம் என்ற நுண்புழு, அப்போதுதான் பொரிந்த ஆர்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறால். வினிகர் புழு மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் சாகாது, சோம்பேறிக்கு ஏற்ற பண்டம். மைக்ரோ வோர்ம் ஓட்ஸ் கூழில் வளரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது டப்பாவுக்கு மாற்றாவிட்டால் நாறும்.

ஆர்டீமியாவை மட்டும் நீ கையால் பழக வேண்டும். பழுப்பு நிறப் பொடி மாதிரி இருப்பது அத்தனையும் முட்டை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அதில் கொஞ்சம் பொடி, ஏர் பம்பிலிருந்து ஒரு குழாயை அடிவரைக்கும் விட்டு நன்றாகக் கொப்பளிக்க விடு. சூடு 26லிருந்து 28 டிகிரி, மேலே ஒரு விளக்கு. ஒரு நாளில் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்து. காலி ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடு. வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருதான் அதன் சத்தெல்லாம். நேரம் போகப் போக அதை அதுவே தின்று தீர்த்துவிடும். காலையில் எடுத்ததைக் காலையிலேயே கொடு. ஓட்டை மட்டும் குஞ்சுக்குப் போகவிடாதே, செரிக்காது.

இதை மீனே இல்லாமல் ஒரு வாரம் செய்து பார். இன்று ஒரு பாட்டில், நாளை ஒரு பாட்டில், ஒன்று தீரும்போது மற்றது தயாராக இருக்கும்படி. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் அந்த வேலை உன்னால் ஆகிறதா என்று தெரிந்துவிடும். ஆகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆண் தனியாக, அழகாக, நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தண்ணீர். "கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும்மா" என்று எழுதியிருக்கிறாய். அம்மோனியாவுக்கு நிறம் ஏது? மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகுகிற தீனியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். மிச்சத்தை நீ தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறாய். பழைய புத்தகங்களில் அந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று போட்டிருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998ல் ஓர் ஆய்வு காட்டியது. பெயர் எதுவாக இருந்தாலும் உனக்குத் தேவையானது பொறுமை. இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை டெஸ்ட் கிட் வைத்துப் பார். அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றால் தொட்டி நிலைக்கு வந்துவிட்டது.

இன்னொரு சங்கதி. ஒரே அளவு அம்மோனியா எல்லாத் தொட்டியிலும் ஒரே கெடுதல் செய்யாது. பிஎச்சும் சூடும் ஏற ஏற அதன் கொடிய வடிவம் கூடும். குஞ்சுத் தொட்டியைச் சூடாக வைக்கும்போது இதை மறந்துவிடாதே. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசவும் கூடாது. அதிலிருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லத்தானே போடப்பட்டிருக்கிறது, உன் பாக்டீரியா மட்டும் தப்புமா? தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடு. ராத்திரி பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பதும் பாதிதான் சரி. சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் கலக்கிறார்கள், அது வாளியில் வைத்ததும் போய்விடாது. குளோரின் நீக்கி வாங்கும்போது குளோரமினுக்கும் ஆகுமா என்று லேபிளைப் படித்து வாங்கு.

உன் மருமகள், அதான் என் பேத்தி, கப்பி மீன் கேட்கிறாள் என்றாயே, வாங்கிக் கொடு. குஞ்சு வளர்க்கப் பழக அதைவிட நல்ல மீன் கிடையாது. குட்டி போடும் இனம். பிறக்கும்போதே நீந்தும், நொறுக்கிய ஃப்ளேக்கைக்கூடத் தின்னும். பெண்ணை மட்டும் வாங்கினால் பெருகாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. ஆணிடமிருந்து வாங்கிய விந்தைப் பெண் கப்பி மாதக்கணக்கில் உள்ளேயே சேர்த்து வைத்து, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். குட்டி போடுவதற்கென்று விற்கும் பிரீடிங் பாக்ஸில் அதைப் பிடித்து அடைக்க வேண்டாம், அந்த அதிர்ச்சியிலேயே பல மீன் கெட்டுப்போகிறது. ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டுவிட்டால், பெரிய மீன்கள் தின்றுவிடாதபடி குட்டிகள் ஒளிந்துகொள்ளும்.

பேத்திக்கு ஒரு கதையும் சொல்லலாம். ஆண் கப்பியின் முதுகுத் துடுப்பில் இருக்கும் ஒரு கரும்புள்ளி அப்பாவிடமிருந்து மகன்களுக்கு மட்டும் போவதை 1920ல் யோஹன்னஸ் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் கண்டு எழுதினார். ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் அந்தக் குணம் ஏறியிருந்ததுதான் காரணம். ஐரோப்பிய விலாங்கு எங்கே போய் முட்டையிடுகிறது என்று அட்லாண்டிக் கடல் முழுக்கத் தேடி, சர்காசோ கடலைக் கண்டு சொன்னவரும் இதே மனிதர்தான். கடலையும் பார்த்தார், தொட்டியையும் விடவில்லை.

இவ்வளவும் ஆன பிறகு ஜோடி. இரண்டையும் ஒன்றிரண்டு வாரம் தனித்தனியாக வைத்து உயிர்த்தீனி கொடு. முட்டையிடும் தொட்டியில் தண்ணீர் 10லிருந்து 15 சென்டிமீட்டர் போதும். சூடு 27, 28 டிகிரி. ஃபில்டர் ஓடக் கூடாது. மேலே ஒரு காய்ந்த நாட்டு பாதாம் இலை மிதக்கட்டும், கூடு அதனடியில் நிற்கும். அடியில் மணலோ கல்லோ வேண்டாம், விழுந்த முட்டை அதற்குள் போய்விட்டால் ஆணுக்குக் கிடைக்காது. பெண்ணை முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு, அந்தக் குடுவையைத் தொட்டிக்குள் வை. அவள் உடம்பில் செங்குத்தான பட்டைகள் தெரிந்து, வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் திறந்துவிடலாம். படுக்கைப் பட்டையும் வெளிறிய நிறமுமாக இருந்தால் அவள் பயந்திருக்கிறாள், அன்றைக்கு விடாதே.

துரத்துவான், கடிப்பான், துடுப்பு கொஞ்சம் கிழியும். ஒளிய அவளுக்குச் செடி வேண்டும். பிறகு அவன் உடம்பை வளைத்து அவளைச் சுற்றிக்கொள்வான். முட்டை நாலும் ஐந்துமாக உதிரும், அவன் கீழே போய் வாயால் பொறுக்கி வந்து கூட்டில் ஒட்டுவான். இப்படி மணிக்கணக்கில் நடக்கும். முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிடு, இல்லாவிட்டால் கொன்றேவிடுவான். அதன்பிறகு காவல் முழுக்க அப்பாதான். ஒன்றிரண்டு நாளில் பொரியும். குஞ்சுகள் வால் கீழே தொங்க நிற்கும், விழுந்ததை அவன் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பான். படுக்கைவசமாக நீந்தத் தொடங்கிய அன்று அவனையும் எடுத்துவிடு, அதற்குப் பிறகு அவன் பார்வைக்கு அவையும் தீனிதான். சில ஆண்கள் முதல் ஈட்டு முட்டையைத் தாங்களே தின்றுவிடும். அதற்காக அவனை விற்றுவிடாதே, அடுத்த தடவை பார்.

குஞ்சுத் தொட்டியைக் கண்ணாடியால் மூடியே வை. மேலே வந்து காற்றை நேராக உறிஞ்சுகிற லேபிரிந்த் உறுப்பு பிறந்து சில வாரம் கழித்துத்தான் உருவாகிறது. அந்தச் சமயத்தில் தண்ணீர்மேல் குளிர்காற்று பட்டால் தாங்காது. பெரிய தொட்டியில் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்து இதில் போட்டு, குமிழ் ஒன்றொன்றாக வரும்படி மெல்ல ஓட விடு. பெரிய தொட்டி நிலைக்கு வரட்டும் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகவும்தான்.

முதுகு வளைந்து, நீந்த முடியாமல் அடியில் புரள்கிற குஞ்சு ஒன்றிரண்டு எப்போதும் வரும். அதை உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவது கொடுமை. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கிப் போக விடுவார்கள். அந்த வேளை வந்தால் எனக்கு போன் பண்ணு, நானே சொல்கிறேன்.

மைக்ரோ வோர்ம் கல்ச்சர் ஒரு டப்பாவில் அனுப்புகிறேன், வந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வை. இந்த வாரம் நைட்ரைட் எவ்வளவு காட்டுகிறது என்று எழுது. பெண் மீனை அதுவரை கடையிலேயே விட்டுவை.

அன்புடன்,
அம்மா