கடைமடைக்கும் தலைமடைக்கும் ஒரே விதைப்புக் காலம் வேண்டி வாய்க்கால் விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிளை வாய்க்கால் கடைமடை விவசாயிகள்,
பெகு பிராந்தியம், பர்மா.

பெறுநர்:
உயர்திரு வட்டார விவசாயத் துறை அதிகாரி அவர்கள்,
பெகு பிராந்தியம்.

பொருள்: கோடை நெல் விதைப்பை வாய்க்கால் முழுவதும் இரண்டு வாரத்துக்குள் முடிக்கவும், போகங்களுக்கு நடுவில் வயல்களை ஒன்றாக ஓய விடவும் தண்ணீர் திறக்கும் நாளையும் அடைக்கும் நாளையும் முன்கூட்டியே அறிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சித்தாங் ஆற்றுச் சமவெளியில், ஒரு கிளை வாய்க்காலின் கடைசி மதகுக்குக் கீழே நெல் வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்து இறங்கிய மண் இது. எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் பர்மியர் வயல், அதற்கு மேலே கரேன்காரர் வயல். எல்லோருக்கும் ஒரே தண்ணீர், ஒரே எலி. இந்த மனுவைக் கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியிருந்ததால் முதலில் தமிழில் எழுதினோம். பர்மிய மொழிப் பிரதி இத்துடன் இருக்கிறது.

சென்ற கோடைப் போகத்தில் எங்கள் வயல்களில் நடந்ததைச் சொல்கிறோம். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் விதைத்து ஐந்து வாரம் ஆன பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டியது. அவர்கள் போட்டது 90 நாள் ரகம். நாங்கள் கையில் இருந்த நீண்ட கால ரகத்தைப் போட்டோம். மேலே அறுப்பு மெஷின் இறங்கியபோது எங்கள் பயிர் இன்னும் இளம்பயிராகவே நின்றது. நாலே ராத்திரியில் மேல் வயல் எலியெல்லாம் எங்கள் வயலில் இறங்கிவிட்டது. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது. உள்ளே இறங்கினால் நடுவயல் களம் போல வெறுமையாகக் கிடந்தது. தாள்கள் எல்லாம் கத்தியால் சாய்வாக நறுக்கினது போல. எலி ஓரத்தை விட்டுவிட்டு நடுவில்தான் தின்னும், அதனால்தான் நாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்தோம். ஏக்கருக்கு 80 கூடை கண்ட வயலில் 30 கூடை தேறவில்லை.

இதற்காகத் தலைமடைக்காரர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. தண்ணீர் வந்ததும் விதைத்தார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

ஐயாவுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எங்கள் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறோம். வயல் எலி ஆண்டு முழுக்க ஒரே அளவில் குட்டி போடுவதில்லை. நெல் பொதி கட்டும் நேரத்தில்தான், அதாவது கதிர் வெளியே வரும் முன் தாளுக்குள் திரண்டு நிற்கும்போதுதான், அதன் இனப்பெருக்கம் சூடு பிடிக்கிறது. சினைக்காலம் மூன்று வாரம்தான். வாய்க்கால் முழுக்க ஒன்றாகக் கதிர் வாங்கி ஒன்றாக அறுத்தால் ஓரிரு ஈற்றோடு அதற்குத் தீனி தீர்ந்துவிடும். ஐந்து வாரம் முன்னும் பின்னுமாக விளைந்தால், முதல் ஈற்றுக் குட்டிகளே வளர்ந்து அடுத்த வயலில் குட்டி போட ஆரம்பிக்கின்றன. அப்போது விஷம் வைத்தும் பயன் இல்லை.

பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானும், தாளைத் துளைக்கும் குருத்துப்பூச்சியும் அதே கதைதான். புகையான் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய 25 நாள் போதும். இந்த இரண்டுக்கும் நெல்தான் சாப்பாடு. ஒரு வயலில் அறுப்பு நடக்கும்போது பக்கத்து வயலில் நாற்று நின்றால் அவற்றுக்கு ஒரு நாள்கூடப் பட்டினி இல்லை. மருந்து அடித்துப் பார்த்துவிட்டோம். மருந்தில் முதலில் சாகிறது புகையானைத் தின்னும் சிலந்திதான். கடனும் ஏறியது, பூச்சியும் ஏறியது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவைப் புரட்டிப்போட்டது. மாடு போய், விதை போய், உதவி கிடைத்த வரிசையில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் விதைத்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே எலிப்படை கிளம்பியது. முன்னும் பின்னுமாக நெல் நின்றதே அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இந்தோனேசியாவின் பாலித் தீவில் சுபாக் என்ற பாசனச் சங்கங்கள் கோயிலில் கூடி, எந்தக் கரைக்கு எப்போது தண்ணீர், எப்போது எல்லா வயலும் ஓய வேண்டும் என்று பல நூறு ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தன. 1970களில் முடிந்தபோதெல்லாம் நெல் போடுங்கள் என்று அந்த முறையை ஒதுக்கிவைத்தபோது பூச்சி பெருகியது. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான் ஐயா. அந்த இரண்டு வாரம் எது என்பதை அணையில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து நீங்களும் பாசனத் துறையும் சேர்ந்து சொல்லுங்கள். மழைக்கால நெல் அறுப்புக்கு வரும் முன்பே ஊர் ஊராக அறிவிப்பு வந்துவிட வேண்டும். அப்போதுதான் எந்த ரகம் போடுவது என்று முடிவு செய்யலாம். முதல் தண்ணீரைக் கடைமடைக்கு விடுங்கள், பிறகு மேலே ஏறி வரட்டும். தலைமடைக்காரருக்கு எப்படியும் தண்ணீர் கிடைக்கும், எங்களுக்குத்தான் காத்திருக்க நாள் இல்லை. விதை கொடுக்கும்போது ஒரு வாய்க்காலுக்கு ஒரே வயதுள்ள ரகமாகப் பார்த்துக் கொடுங்கள். 90 நாளும் 135 நாளும் கலந்தால் ஒன்றாக விதைத்தும் ஒன்றாக அறுக்க முடியாது.

கோடை அறுப்பு முடிந்ததும் மதகை ஒரு மாதமாவது அடைத்து வையுங்கள். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிய அந்த வெயிலில் நிலம் வெடித்துக் காற்று வாங்கட்டும். தாளை மடக்கி உழுதால் குருத்துப்பூச்சிப் புழுவும் அதோடு போகும். அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பை மாடு மேய்ந்துவிடும். கோடை நெல்லுக்குத் தண்ணீர் போதாத ஆண்டில் கடைமடையை உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் விட்டுவிடுகிறோம், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி வளர்ந்த நெல்லைக் காயவிடுவதைப் போல வயிறெரியும் காரியம் வேறு இல்லை.

இதில் சிரமமும் இருக்கிறது, மறைக்கவில்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் அறுத்தால் மெஷினுக்குப் போட்டி வரும், வாடகை ஏறும், களத்தில் நெல் குவிந்து விலை இறங்கும். அதனால்தான் வட்டாரம் முழுவதற்கும் ஒரே தேதி கேட்கவில்லை. கிளை வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் வைத்தால் போதும், மெஷின் ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒரு மாதம் சும்மா போடப் பயப்படுவார்கள். அவர்களுக்கு உளுந்து விதையாவது கடனாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

எங்கள் பங்குக்கு, விதைப்புக்கு முன் எல்லோரும் கூடி வரப்பு வளைகளை வெட்டி எலி பிடிக்கிறோம். வரப்பு அகலமாக இருந்தால் எலி வளை தோண்டும், அதனால் வரப்பை ஓர் அடிக்கு மேல் விடாமல் செதுக்குகிறோம். குறித்த நாளுக்கு முன் யாரும் நாற்றங்கால் போடாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. ஆனால் மதகுச் சாவி எங்கள் கையில் இல்லை. நாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளப் போன வருஷம் முயன்றோம். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் யார் யாரைக் காத்திருக்கச் சொல்ல முடியும்?

தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றிலிருந்தும் ஆட்களை அழைத்து, பாசனத் துறை அதிகாரியையும் வைத்து, இந்த மழைக்கால நெல் கதிர் வாங்கும் முன் ஒரு கூட்டம் போடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இடத்துக்குக் கோயில் மண்டபம் இருக்கிறது, எல்லோருக்கும் சாப்பாடும் நாங்களே போடுகிறோம். நாளை மட்டும் தாங்கள் குறித்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடை விவசாயிகள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் இணைப்பில்)