நார்த்தாமலை அடிவார ஊருணிக்குக் கைகொடுங்கள்

சிங்கப்பூர்வாழ் ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

எந்த ஊர் என்று இங்கே யாராவது கேட்டால் ‘புதுக்கோட்டைப் பக்கம்’ என்று முடித்துவிடுகிறோம். கீரனூரா, விசலூரா, அம்மாசத்திரமா என்று துருவினால்தான் நார்த்தாமலை வாயில் வரும். மலை என்று பேர்தானே தவிர, மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாமலை எல்லாமே குட்டையான மொட்டைப் பாறைகள்தாம்.

ஆனால் மேலமலைமேல் இருப்பது சாதாரணமானதா? விசயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலின் கருவறை வட்டமானது. சாத்தன் பூதி கட்டிய அந்தக் கற்றளி மழையில் சிதைய, மல்லன் விடுமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே பழியிலி ஈச்சுரம் என்ற சிவன் குடைவரையும், 12 திருமால் உருவங்கள் நிற்கும் குடைவரையும் இருக்கின்றன. இவையெல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அடுத்த 200 மீட்டருக்கும் அனுமதி வேண்டும். ஆகவே உங்கள் பணத்தில் ஒரு காசும் மலைமேல் போகாது.

வேலை அடிவாரத்தில். நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் கதி. வெறும் பாறையில் விழும் மழை நிற்காமல் வழிந்துவிடும், அதை வரத்து வாய்க்கால் பிடித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டி, ஊருணியில் வண்டலும் ஏறிவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டினாலும் தை கழிவதற்குள் தரை தெரிந்துவிடுகிறது. முள்ளை வேரோடு பறிப்பது, வண்டலை அள்ளுவது, படித்துறையைச் சீராக்குவது, இவ்வளவுதான் திட்டம். ஊராட்சியின் ஒப்புதலோடுதான் மண்வெட்டி இறங்கும். அள்ளும் வண்டலும் விதிப்படி அனுமதி பெற்று வயல்களுக்கே போகும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு தொடங்கினால் மழைக்குள் முடிக்கலாம்.

ஒரு பங்கு 50 வெள்ளி. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள் ஐந்து வெள்ளி கொடுத்தாலும் போதும், கடன் வாங்கித் தரவே கூடாது. தொழில் நடத்தும் அண்ணன்மார் கொஞ்சம் தாராளமாகப் பாருங்கள். மல்லன் விடுமனைப் போலப் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லாதீர்கள். அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு டிராக்டர் மண் அள்ளிவிடலாம்.

இது ஊர்க்காரர்களுக்குள் மட்டுமான வேண்டுகோள். பொது இடத்தில் உண்டியல் வசூலுக்கு இங்கே அனுமதி வேண்டும், நாங்கள் அதைச் செய்யவில்லை. தேக்கா பக்கம் யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கைநீட்டினால் கொடுக்காதீர்கள். குழுவில் உங்களுக்கு நேரில் தெரிந்தவரிடமே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பணம் கொடுத்த எல்லாருக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஊருணி சீரமைப்புக் குழுவினர்