ஒன்றரை மணி நேரம் விமானத்துக்கு; எங்களுக்கு எவ்வளவு?

மலையகத்திலிருந்து மாலைதீவு ஹோட்டல்களுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும், அவர்களுக்காகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் உப முகவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் ஒட்டும் அறிவித்தல்களில் சம்பளத்துக்கு அடுத்தபடி பெரிய எழுத்தில் நிற்பது "ஒன்றரை மணி நேரப் பயணம்" என்ற வரி. அது பொய்யில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மாலைதீவுத் தலைநகர் மாலேக்கு வான்வழியே சுமார் 775 கிலோமீற்றர். விமானம் ஏறக்குறைய அந்த நேரத்தில் போய்விடும். மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். காலை 9 மணிக்குக் கிளம்பினால், அங்கே 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். அதைக் காட்டி "ஒரே மணித்தியாலந்தாம்மா" என்று சொல்கிறவர்களும் உங்களில் உண்டு. திரும்பி வரும் டிக்கெட்டில் அதே பயணம் இரண்டு மணித்தியாலமாகத் தெரியும். அதை யாரும் காட்டுவதில்லை.

பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் வீட்டுக்கு அந்த ஒரு வரி பெரிய விஷயம். கட்டார், குவைத் என்றால் தூரம். மாலைதீவு பக்கம், ஆத்திர அவசரத்துக்கு ஓடிவந்துவிடலாம். அந்த நம்பிக்கையில்தான் தாய் தோட்டைக் கழற்றி அடகு வைக்கிறாள்.

எங்கள் பிள்ளைகளின் பயணம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் தொடங்குகிறது. மேல் டிவிஷனிலிருந்து ஓட்டோ பிடித்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று பஸ்ஸில் இறங்கிக் கொழும்பு, பிறகு கட்டுநாயக்க. மழையில்லாத நாளிலேயே அரை நாள் போய்விடும். மண் சரிந்தால் கணக்கே கிடையாது. பதுளைக்காரர்களுக்குக் கொழும்புவரை கோச்சியில் (ரயிலில்) 290 கிலோமீற்றர், ஒன்பது பத்து மணித்தியாலம்.

மாலேயில் இறங்கினால் மட்டும் வேலை இடம் வந்துவிடுமா? தெற்கே அட்டு என்ற தீவுக்கூட்டம், மாலேயிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அப்பால், பூமத்திய ரேகையையும் தாண்டி இருக்கிறது. தீவுகளுக்குப் போகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுந்தான் பறக்கும்; விருந்தினருக்குப் போக மிஞ்சினால்தான் பல இடங்களில் வேலையாளுக்கு இடம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது.

எங்கள் தோட்டத்தில் ஒரு தகப்பன் வியாழன் இரவு செத்துப்போனார். மகன் தூரத்துத் தீவொன்றில் சமையலறை வேலை. வெள்ளி படகில்லை. சனிக்கிழமை மாலேக்கு வந்தும் விமானத்தில் இடமில்லை. "வந்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். ஞாயிறு பின்னேரம், வீடியோ கோலில் முகத்தைக் காட்டிவிட்டு அடக்கம் செய்தோம். அவன் வந்து சேர்ந்தது திங்கள் காலை. அனுப்பிவைத்தவரிடம் கேட்டதற்கு, "பிளைட் ஒன்றரை மணித்தியாலந்தானே" என்றார்.

பிழைப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தோட்டத்துச் சம்பளத்தை நம்பி யாரும் இங்கே இருக்க முடியாது. போகும் தீவின் பெயரை அறிவித்தலில் போடுங்கள். அங்கிருந்து மாலேக்கு எப்படி வருவது, எத்தனை மணித்தியாலம், எந்தெந்த நாளில் படகு என்பதையும் எழுதுங்கள். சாவு, சுகவீனம் என்றால் லீவு உண்டா, டிக்கெட் காசு யார் பொறுப்பு, பாஸ்போட் யார் கையில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் தமிழில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

எந்தத் தீவு என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அந்த வேலையைச் சொல்லிக்கொண்டு லயத்துப் பக்கம் வராதீர்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டவாசி