உங்கள் டிஎம் ஏன் இழுத்தடிக்கிறார்? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆளுக்கொரு கேரக்டராக நீங்கள் ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கதையையும் உலகத்தையும் உண்டாக்கி நடத்துகிற உங்கள் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், மறுபடியும் செஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார், அவருக்குப் பழைய உற்சாகம் வர என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். எல்லோரும் காசு போட்டு ஓர் உலோக டைஸ் செட் வாங்கித் தரலாமா என்றும் யோசனை சொல்லியிருந்தாய். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஏற்கெனவே டப்பா நிறைய டைஸ் வைத்திருப்பார், இருந்தாலும் மனுஷர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ஞாயிறு செஷன் நடந்துவிடும் என்று எதிர்பார்க்காதே.

நீ எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. "நாங்க அஞ்சு பேரும் எப்பவும் ரெடி, அவர்தான் இழுத்தடிக்கிறார்." எதற்கு ரெடி? வந்து உட்கார்ந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, "சரி, இப்ப என்ன நடக்குது?" என்று கேட்பதற்கா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் வாரம் முழுக்க என்ன செய்கிறார் என்று யோசித்துப் பார். ஆபீஸ் விட்டு வந்து வரைபடம் போடுகிறார். சத்திரக்காரிக்கு ஒரு பெயர், ஒரு குரல், ஒரு ரகசியம் தேடுகிறார். நீங்கள் ஆற்றோரமாகப் போவீர்களா, கோட்டைக்குள் நுழைவீர்களா, ஊரிலேயே தங்கி வம்பு வளர்ப்பீர்களா என்று தெரியாததால் மூன்றுக்கும் தயார் செய்கிறார். நீங்கள் நாலாவதாக ஒன்றைச் செய்கிறீர்கள். இந்த விளையாட்டின் ருசியே அதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தயாரித்த மூன்றும் இருந்ததே உங்களுக்குத் தெரியாது.

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கொஞ்சம் கேள். 1972-இல் டேவ் ஆர்னெசன், மினசோட்டாவில் தான் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தை விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊருக்குக் கொண்டுவந்து, கேரி கைகாக்ஸுக்கும் நண்பர்களுக்கும் நடத்திக் காட்டினார். கைகாக்ஸுக்குக் கை அரித்துவிட்டது. தன் பங்குக்கு கிரேஹாக் என்று ஒரு பாழடைந்த கோட்டையையும் அதற்கடியில் ஒரு நிலவறையையும் உண்டாக்கினார். அதில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலீஸும். அன்றிரவு அவர்கள் கண்டுபிடித்த பெட்டியில் 3,000 செப்புக்காசுகள் இருந்தன. தூக்கிக்கொண்டு போக முடியாத கனம். பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். அவர்கள் படுக்கப் போனதும் கைகாக்ஸ் உடனே நிலவறையின் இரண்டாவது தளத்தை உருவாக்க உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நகரமும் முளைத்தது. கிடைத்த புதையலை விற்க ஓர் இடம் வேண்டும், தங்கி இளைப்பாற ஓர் இடம் வேண்டும், அதற்காக. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருந்தன.

ஆடுகிறவர்களுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, நடத்துகிறவர் அதை உண்டாக்கினார். அவ்வளவுதான் விஷயம். இப்போது சொல், நீ ஆடுகிற திருடன் கேரக்டருக்கு என்ன வேண்டும்? அத்தனை நீளமாக எழுதியிருந்தாய், அதில் இது மட்டும் இல்லை.

ஒரு வேலை தருகிறேன். செஷன் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். அடுத்த தடவை எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று நீங்கள் ஐந்து பேரும் பேசி முடிவு செய்து அவரிடம் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம்" என்பது பதில் கிடையாது. "பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோபுரத்துக்குப் போறோம், அந்த மந்திரவாதிகிட்ட இருந்து கடன் பத்திரத்தைத் திருடுறோம்" என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். சொன்னால் சொன்னபடி போகவும் வேண்டும். அவர் இனி கோபுரத்தை மட்டும் தயார் செய்தால் போதும். அரைகுறையாக மூன்று இடங்களைக் கட்டுவதற்குப் பதில் ஓர் இடத்தை ஆசைதீரக் கட்டுவார். அங்கே ஆள் வரப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்து கட்டுகிற சுகமே தனி.

இது என் கண்டுபிடிப்பில்லை. பென் ராபின்ஸ் என்பவர் வெஸ்ட் மார்ச்சஸ் என்று ஒரு கேம்பெய்ன், அதாவது பல செஷன்களாகத் தொடர்கிற ஆட்டம், நடத்திவிட்டு, 2007-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் குறித்த நாள் கிடையாது, நிலையான குழு கிடையாது, டிஎம் கையில் பெரிய கதையும் கிடையாது. காட்டுக்குள் எந்தப் பக்கம் போவது, யார் யார் போவது, என்றைக்குப் போவது என்று ஆடுகிறவர்களே தங்களுக்குள் பேசிவிட்டு, அப்புறம் அவரிடம் சொல்லவேண்டும். போய்வந்தவர்கள் நடந்ததை எழுதி மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். டிஎம் நீட்டும் கதையின் பின்னாலேயே சும்மா நடந்துவருகிற மந்தத்தைப் போக்கத்தான் ஆட்டத்தை இப்படி அமைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். படித்தபோது உங்கள் ஐந்து பேரின் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

அந்த அளவுக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. நாள் குறிக்கிற வேலையை மட்டுமாவது அவர் தலையிலிருந்து இறக்குங்கள். "ஞாயிறு யாரெல்லாம் வர்றீங்க?" என்று குரூப்பில் கேட்டுவிட்டு நீல டிக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட எரிச்சலான வேலை இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உன் கேரக்டரின் திறமைகள் என்னென்ன செய்யும் என்று நீயே படித்துவிட்டு வா.

அப்புறம், பாராட்டு. செஷன் முடிந்ததும் "செம" என்று போட்டு ஒரு தீ எமோஜி வைக்கிறீர்களே, அது அவருக்கு எதுவும் சொல்வதில்லை. புதன்கிழமை வாக்கில் திடீரென்று, "அந்தச் சத்திரக்காரி வடக்கே போகாதேன்னு சொன்னப்ப ஏன் மோதிரத்தை மறைச்சா?" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பார். பதில் சொல்ல மாட்டார், ஒரு ஸ்மைலியோடு நிறுத்திக்கொள்வார். அன்றிரவு நோட்டுப் புத்தகம் திறக்கும். நீங்கள் ஐந்து பேரும் குரூப்பில் ஆளுக்கொரு ஊகம் சொல்லி அடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர் நினைத்து வைத்ததைவிட உங்கள் ஊகம் நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வார். நானும் ஆட்டம் நடத்தும்போது கூச்சமே இல்லாமல் அதைச் செய்கிறேன். சத்திரக்காரிக்கு அவர் வைத்த பெயரையும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள். "அந்த அம்மா", "அந்த ஆள்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, இனிமேல் பெயர் வைப்பானேன் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

இந்த விளையாட்டை ஆடிக் காட்டுகிற கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியைப் பார்க்கிறாய் என்று தெரியும். பார், நல்ல ஆட்டம்தான். ஆனால் அதில் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தொழில்முறை நடிகர்கள். அங்கே ஆடுகிறவர்களும் டிஎம்முக்கு எவ்வளவு தீனி போடுகிறார்கள் என்பதையும் கவனி. அங்கே டிஎம்மாக இருந்த மேத்யூ மெர்சர் மாதிரி குரல் மாற்றிப் பேசச் சொல்லி உங்கள் ஆளிடம் கேட்டுவிடாதே, மீதி இருக்கிற உயிரும் போய்விடும். அந்த மெர்சரே 2015-லிருந்து மூன்று நீண்ட கேம்பெய்ன்களை நடத்திவிட்டு, 2025-இல் தொடங்கிய நாலாவதற்கு நாற்காலியை பிரென்னன் லீ மல்லிகனிடம் கொடுத்துவிட்டு ஆடுகிறவர்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் குழுவில் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. கிரேஹாக்கில் கூட்டம் பெருகியபோது கைகாக்ஸ் தனியாகச் சமாளிக்கவில்லை, ஆடவந்த ராப் குன்ட்ஸையே துணை டிஎம் ஆக்கிக்கொண்டார். 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா என்ற இதே வகை விளையாட்டில் நடத்துகிற வேலையைக் குழுவுக்குள் மாற்றி மாற்றிச் செய்வதை ஆட்டத்தின் முறையாகவே வைத்தார்கள். நீங்கள் மட்டும் ஒரே மனிதரை வருஷக்கணக்கில், டிஎம் தன் குறிப்புகளை மறைக்க வைக்கிற அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் இந்த விளையாட்டை உங்களுக்கு அறிமுகம் செய்தவரே அவர்தான். ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு ஆட அவருக்கு ஆசை இருக்காதா?

இதையெல்லாம் செய்தும் அவருக்கு மனம் வரவில்லை என்றால், இந்தக் கேம்பெய்னை முடித்துக்கொள்ளலாமா என்று நேராகக் கேட்டுவிடு. இழுபடுகிற கதையை இரண்டு செஷனில் முடித்துவைப்பது அவருக்கே நிம்மதியாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு நீ நடத்து. ஒரே செஷனில் முடிகிற ஒன்-ஷாட் போதும், ஒரு குகை, நாலைந்து அறைகள், ஓநாய்க் கூட்டம் ஒன்று. செலவும் கிடையாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உனக்கு விதிகள் குழம்பினால் பக்கத்திலேயே அவர் இருப்பார். எந்த கேரக்டரை எடுத்துக்கொண்டு வரப்போகிறார் என்பதை மட்டும் இன்றைக்கே கேட்டு வை. நிச்சயம் ஒருத்தரை ரொம்ப நாளாக மனசில் வைத்திருப்பார்.

அன்புடன்,
அண்ணன்